சிறப்புக் குழந்தைகளுக்குப் பொங்கல் விழா: தன்னார்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மைக், மாலை, பரிசுப் பொட்டலம், ஒரு சிறப்பு விருந்தினர். இவை இருந்தால் விழா ஆகிவிடும் என்று நினைத்துத்தான் பல குழுக்கள் இறங்குகின்றன. பத்தரைக்கு வரவேண்டிய விருந்தினர் பன்னிரண்டு மணிக்கு வருவார். அதற்குள் பாதிப் பிள்ளைகள் அழுது முடித்து, அம்மாக்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தக் குழந்தைகளின் விழாவைக் கெடுப்பதில் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் முன்னால் நிற்பது காத்திருப்பு. அதனால் கீழே உள்ள ஏற்பாடுகளில் பெரும்பகுதி, குழந்தை எதற்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியதாகவே இருக்கும்.

கணக்குகள் முதல் முறை நடத்தும் குழுவுக்குப் பொருந்துமாறு போடப்பட்டவை: குழந்தைகள் 30, உடன் வருவோர் 35, அண்ணன் தங்கைகள் 15, தன்னார்வலர்கள் 30. மொத்தம் 110 பேர். முதல் வருடமே நூறு குழந்தைகளைக் கூட்ட வேண்டாம். அண்ணன் தங்கைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது வழக்கமான தவறு. வீட்டில் எப்போதும் இரண்டாவதாக நிற்கும் பிள்ளைகள் அவர்கள். இங்கேயும் தட்டு பத்தாமல் போனால் அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தேதி, நேரம், மண்டபம்

தை முதல் நாளன்று வைக்காதீர்கள். அன்று அவரவர் வீட்டில் பானை ஏறியிருக்கும். காணும் பொங்கலன்று ஊரே சாலையில் இருக்கும். பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமைதான் சரி. அது மார்கழிக்குள் விழும், முகூர்த்தம் இருக்காது. கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். சமுதாய நலக்கூடம் கிடைத்தாலும் நல்லதே.

நேரம் காலை 10 முதல் 12.30 வரை, அதற்குமேல் வேண்டாம். வலிப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்குக் காலை மாத்திரை வீட்டிலேயே முடிந்திருக்கும். சாப்பாடும் தூக்கமும் தள்ளிப்போகாது.

மண்டபம் பார்க்க அளவு நாடாவுடன் போங்கள். வாசல் அகலம் 90 சென்டிமீட்டராவது வேண்டும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். படி இருந்தால் மொத்த உயரத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்குங்கள். 15 சென்டிமீட்டரில் மூன்று படி என்றால் உயரம் 45, சாய்தளத்தின் நீளம் 5 மீட்டர் 40. சாமியானா போடுபவர்கள் இரண்டு மீட்டர் பலகையைச் சாய்த்துவிட்டு "ரேம்ப் போட்டாச்சு சார்" என்பார்கள். அந்தச் சரிவில் நாற்காலியை ஏற்றினால் பின்பக்கமாகக் கவிழும். 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, அடியில் அரை மீட்டருக்கு ஒரு குறுக்குச் சட்டம், இரு ஓரத்திலும் 7 சென்டிமீட்டர் விளிம்பு, மேலே வழுக்காத சாக்குத் துணியை இழுத்து ஆணியடித்தது, இவ்வளவும் சேர்ந்ததுதான் சாய்தளம். போட்டு முடித்ததும் 70 கிலோ ஆள் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

சாப்பாட்டுக் கூடம் தரைக்கடியிலோ மாடியிலோ இருந்தால் அதை மறந்துவிட்டு விழா நடக்கும் கூடத்திலேயே பரிமாறுங்கள். டைல்ஸ் ஒட்டிய கூடத்தில் எதிரொலி அதிகம் இருக்கும். நடுவில் கைதட்டிப் பாருங்கள். ஓசை திரும்பி வந்தால் ஜமக்காளம் விரித்து, சுவரோரம் துணித் திரை கட்டச் சொல்லுங்கள். எதிரொலி குறையும்.

அடுத்து தண்ணீர். கிணறு, சம்ப், பின்பக்கத் தொட்டி, வேலிக்கு அப்பால் இருக்கும் குளம் என ஒவ்வொன்றையும் போய்ப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் கூட்டத்திலிருந்து விலகி ஓடுவார்கள், தண்ணீர் அவர்களை இழுக்கும். சம்ப் மூடியைத் திறக்க முடியாதபடி செய்யுங்கள். மூடியின் மேல் பூந்தொட்டி வைத்தால் போதும் என்பதை ஏற்க வேண்டாம், பூட்டு வேண்டும்.

சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளை சற்று ஒதுங்கியிருக்க, மணமகள் அறையை அமைதி அறையாக்கலாம். குளியலறை ஒட்டியிருக்கும், கதவு இருக்கும், கூடத்துச் சத்தம் குறைவாகக் கேட்கும். குழல் விளக்கை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் விடுங்கள். பாய் இரண்டு, தலையணை நான்கு, கனமான போர்வை ஒன்று, ஒரு வாளித் தண்ணீர், டம்ளர், இவை போதும். ஒரே நேரத்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அடம்பிடித்த குழந்தையை "உள்ளே போய் உட்காரு" என்று அனுப்பும் இடமாக அது மாறிவிட்டால், உண்மையாகவே அந்த அறை தேவைப்படும் குழந்தை அதற்குள் போகாது.

கழிப்பறையை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு டயப்பர் மாற்றவேண்டியிருக்கும், மண்டபத்தில் அதற்கு இடமே இருக்காது. அம்மா கடைசியில் ஈரத் தரையில் துண்டு விரித்து மாற்றுவார், அடுத்த வருடம் வரமாட்டார். 180 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மரக் கட்டில், அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட், மூன்று பக்கமும் திரை, ரப்பர் அல்லாத கையுறை ஒரு பெட்டி, ஈரத் துடைப்பான், கறுப்பு பை, மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகியவற்றை ஓர் அறையில் வையுங்கள். இந்தியப் பாணிக் கழிப்பறை மட்டும் இருந்தால் மருத்துவக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் கமோடு நாற்காலி இரண்டு எடுங்கள்.

யாரை அழைப்பது, எப்படி

ஊரில் ஒரு சிறப்புப் பள்ளி இருந்தால் அவர்களிடம் பேசினாலே முப்பது பேர் கிடைத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பொங்கல் நடக்கும். எந்த விழாவுக்கும் அழைப்பு வராத குழந்தைகள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களைக் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டுவழிக் கல்வி பெறும் குழந்தைகளை அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகள் அவர்கள். முப்பதில் பத்து இடமாவது அவர்களுக்கு ஒதுக்குங்கள். குடும்பத்தின் எண்ணை நேரடியாகக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் எண்ணைச் சிறப்பாசிரியரிடம் கொடுத்து, விருப்பமுள்ள பெற்றோர் அழைக்கட்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். சக்கர நாற்காலி இரவல் கேட்கவும் சைகை மொழிபெயர்ப்பாளரைத் தேடவும் அந்தத் தொடர்பு உதவும்.

இந்த ஏற்பாட்டில் பணம் அதிகம் போவது வண்டிக்குத்தான். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் கழுத்து நிற்காத பத்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறமுடியாது. வேன் வைத்தால் ஒரு வண்டிக்கு மூன்று வீடுகளுக்கு மேல் போடாதீர்கள். முதலில் ஏறும் குழந்தை ஒன்றேகால் மணி நேரம் வேனில் உட்கார்ந்து வந்தால், விழா தொடங்கும் முன்பே களைத்துவிடும்.

அழைப்பிதழைவிட முக்கியமானது தொலைபேசி அழைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து நிமிடம். ஒரே தன்னார்வலர் பேசி, ஒரே நோட்டில் எழுதட்டும். கூகுள் படிவம் அனுப்பினால் "ஆட்டிசம், 9 வயது" என்று ஒரு வரி வரும், அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "குழந்தைக்கு என்ன பிரச்சினை?" என்று தொடங்கவும் வேண்டாம். இப்படிக் கேட்கலாம்:

"அக்கா, பாப்பாவுக்கு என்ன ரொம்பப் பிடிக்கும்? எதைக் கண்டா, எதைக் கேட்டா பயப்படுவா?"
"அவளுக்கு ஏதாவது வேணும்னா எப்படிக் காட்டுவா?"
"கோபம் வந்தா வீட்ல என்ன செஞ்சா அடங்குவா? நாங்க என்ன செய்யக்கூடாது?"
"எப்படிச் சாப்பிடுவா? குழைச்சுத் தரணுமா? தண்ணி குடிச்சா புரையேறுமா?"
"ஃபிட்ஸ் வருமா? கடைசியா எப்போ வந்துச்சு? அவசரத்துக்கு மூக்கில அடிக்கிற மருந்து ஏதாவது வெச்சிருக்கீங்களா?"
"கையை விட்டா ஓடுவாளா?"
"எது சாப்பிட்டா ஒத்துக்காது?"
"போட்டோ எடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு "வேண்டாம்" என்று வந்தால் காரணம் கேட்காதீர்கள்.

விழாவுக்கு ஐந்து நாள் முன்பு, மண்டபத்தின் வாசல், கூடம், அமைதி அறை, கழிப்பறை, சிவப்புச் சட்டை போட்ட தன்னார்வலர் ஆகிய ஐந்து புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். புது இடம் என்றாலே கலங்கும் பிள்ளைக்கு அம்மா தினமும் அதைக் காட்டிப் பழக்குவார். அதன்பின் சட்டையின் நிறத்தை மாற்றிவிடாதீர்கள்.

தன்னார்வலர்கள்

முப்பது பேரை இப்படிப் பிரிக்கலாம். குழந்தைகளுடன் 15, அதாவது இரண்டு குழந்தைக்கு ஒருவர். வாசலில் 2. விளையாட்டு மூலைகளில் 4. அமைதி அறையில் 2. சமையலுக்கும் பரிமாறவும் 4. கழிப்பறைப் பக்கம், முதலுதவி, நேரம் பார்த்தல் ஆகியவற்றுக்குத் தலா ஒருவர். இன்னும் நான்கு பேரைத் தயாராக வைத்திருங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு "சாரி ப்ரோ, காய்ச்சல்" என்று குறுஞ்செய்தி வராத விழா கிடையாது.

வாசலில் நிற்பவர்கள் கையில் கைப்பேசி இருக்கக்கூடாது. திறந்திருக்கும் கதவு ஒன்றே ஒன்றுதான். குழந்தை எவரும் தன் ஆளில்லாமல் அதைத் தாண்டக்கூடாது. யாராவது காணவில்லை என்றால் முதலில் ஓடவேண்டியது தண்ணீர் இருக்கும் இடத்துக்கு. கூடத்தையும் சாலையையும் அடுத்த இருவர் பார்க்கட்டும்.

ஒரு வாரம் முன்பு இரண்டு மணி நேரப் பயிற்சி வையுங்கள். சிறப்பாசிரியர் ஒருவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் வந்தால் போதும். விரிவுரை வேண்டாம், செய்துகாட்டட்டும். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதே. சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கு. நிறுத்தியதும் பிரேக்கைப் போடு. ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பதிலுக்குக் காத்திரு. குழந்தையைப் பார்த்துப் பேசு, தலைக்கு மேலே அம்மாவிடம் "இவன் என்ன சாப்பிடுவான்?" என்று கேட்காதே. "ஐயோ பாவம்" என்ற சொல் அன்று முழுக்க வாயில் வரக்கூடாது. குழந்தை கட்டுக்கடங்காமல் அழுதால் சுற்றி நிற்பவர்களை விலக்கு, பேச்சைக் குறை, அம்மா சொன்னதைச் செய்.

வலிப்பு வந்தால் செய்யவேண்டியதை எல்லோரும் மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டும். உடனே மணியைப் பார். சுற்றியுள்ள நாற்காலி, மேசையை நகர்த்து. தலைக்குக் கீழே மடித்த துண்டை வை. ஒருக்களித்துப் படுக்கவை. அழுத்திப் பிடிக்காதே. வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்காதே. நம் ஊர்க் கூட்டத்தில் எப்படியும் ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது. அவரைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே ஒருவர் வேண்டும். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும்முன் அடுத்தது வந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ 108.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. எந்தத் தன்னார்வலரும் எந்தக் குழந்தையுடனும் மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக்கூடாது. டயப்பர் மாற்றுவதும் கழிப்பறைக்கு உள்ளே போவதும் பெற்றோரின் வேலை, நீங்கள் திரைக்கு வெளியே நின்று வேண்டியதை எடுத்துக் கொடுக்கலாம். தவறாக ஏதேனும் நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ தெரிந்தால் உள்ளுக்குள் பேசி முடிக்கும் உரிமை குழுவுக்கு இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் உதவி கேட்கலாம்.

பானை பொங்கும் வேளை

விழாவின் உயிர் இதுதான், பெரும்பாலும் கெட்டுப்போவதும் இங்குதான். அடுப்பு மூட்டி, பானை வைத்து, பால் பொங்கி வழிய அரை மணி நேரம் ஆகிவிடும். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துவிட்டு அதன்பின் தீக்குச்சி கிழிக்கிறார்கள். பத்தாவது நிமிடம் ஒரு குழந்தை எழுந்து ஓடும், பதினைந்தில் நான்கு. பொங்கும்போது பார்க்க ஆள் இருக்காது.

செய்யவேண்டியது இது. ஆறு ஏழு லிட்டர் மண்பானையை முந்தைய இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த பானையை நேரே தீயில் வைத்தால் விரிசல் விடும். விறகு வேண்டாம், புகை இளைப்பைக் கிளப்பும். கேஸ் அடுப்பைத் திறந்தவெளியில், காற்று மறைப்புடன், கட்டை சுவருக்குப் பின்னால் வையுங்கள். அடுப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சவுக்குக் கட்டையில் கயிறு கட்டி, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நிற்கட்டும். பாலும் தண்ணீரும் சரிபாதி, கழுத்துக்கு இரண்டு விரல் கீழ்வரை. 10.50-க்குப் பற்றவைத்துச் சூடேறியதும் தீயைக் குறைத்து வையுங்கள். 11.10-க்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்த பிறகு தீயைக் கூட்டினால் மூன்று நான்கு நிமிடத்தில் நுரை எழும்பும். முந்தைய வாரம் அதே பானையில், அதே அடுப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் அடுப்புக்கு எத்தனை நிமிடம் என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது "பொங்கலோ பொங்கல்". நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தி, தட்டையும் தட்டினால் ஒலி தாங்காத பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவார்கள். கட்டடத் தொழிலாளர்கள் போடும் காதுமூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பத்து வாங்கி வைத்து, வேண்டும் என்பவர்களுக்கு முன்பே மாட்டிவிடுங்கள். தட்டுக்குப் பதிலாக எல்லோரும் இரு கைகளையும் மேலே தூக்கி விரல்களை அசைக்கலாம். காது கேளாதோர் கைதட்டும் முறை அது. செவித்திறன் குறையுள்ள பிள்ளைகளுக்கும் அது சட்டென்று புரியும்.

பேச்சு வராத குழந்தையும் சொல்லவேண்டும். அதே வயதுக் குழந்தை ஒன்றின் குரலில் "பொங்கலோ பொங்கல்!" என்று கைப்பேசியில் பதிவு செய்து, திரை முழுவதும் ஒரே பொத்தான் வரும்படி வையுங்கள். நுரை வாயைத் தொடும் நேரத்தில் அந்தக் கைப்பேசியைக் குழந்தையின் கைக்குக் கீழே நீட்டுங்கள். விரலைத் தனியாக நீட்ட முடியாவிட்டால் முழங்கையால் அழுத்தினாலும் போதும். கைப்பேசி நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி. குரல் எழும்பியதும் அதைத் தொடர்ந்து மற்றவர்கள் சொல்லட்டும். படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசும், சென்னையில் உருவான அவாஸ் போன்ற செயலியை ஏற்கெனவே பயன்படுத்தும் குழந்தை என்றால் அதிலேயே இந்தச் சொல்லைச் சேர்த்து வரும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கோலமும் மற்ற மூலைகளும்

நான்கு மூலைகள், 10.15 முதல் 11.10 வரை திறந்திருக்கும். விசிலடித்து "அடுத்த மூலைக்குப் போங்க" என்று கிளப்பாதீர்கள். முழு நேரமும் ஒரே தட்டில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும் குழந்தையும் விழாவில் கலந்துகொண்ட குழந்தைதான்.

கோல மூலைக்கு விளிம்பு உயர்ந்த தாம்பாளம் 12. ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ரவை, தட்டுக்கு 350 கிராம், மொத்தம் 4 கிலோ 200 கிராம். கடைக் கலர்ப்பொடி வேண்டாம். எதையும் வாயில் போடும் பிள்ளைகள் உண்டு. மஞ்சள் தூள் கலந்த ரவை போதும், அழகாகவே இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் தரையில் கோலம் போட ஒரு வழி: 90 சென்டிமீட்டர் நீள, ஓர் அங்குலப் பிளாஸ்டிக் குழாயின் மேல்முனையில் புனலைச் செருகி டேப் சுற்றுங்கள். குழந்தை மடியில் வைத்துக் குழாயைப் பிடித்துக்கொள்ள, தன்னார்வலர் நாற்காலியை மெல்ல நகர்த்த, கோடு விழும். அரிசி மாவு இதில் அடைத்துக்கொள்ளும், நன்கு காய்ந்த சன்ன ரவைதான் ஓடும்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அட்டையில் ஐந்துக்கு ஐந்து புளியங்கொட்டைகளைப் புள்ளியாக ஒட்டி, சணல் கயிற்றைச் சிக்குக் கோலமாக வளைத்து ஒட்டுங்கள். முந்தைய நாளே ஒட்டிக் காயவிட்டு, ஒவ்வொரு கொட்டையையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். பெயர்ந்து வந்தால் தொண்டையில் சிக்கும்.

சின்ன மண்சட்டிக்கு வண்ணம் தீட்டுவது இரண்டாவது மூலை. தூரிகைக் காம்பில் பழைய துணியைக் கட்டைவிரல் கனத்துக்குச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினால் பிடி தளர்ந்த கைக்கும் நிற்கும். மூன்றாவது மூலையில் வைக்கோல், பூ, மஞ்சள் கொத்து, தொட்டு முகர்ந்து பார்க்க. கரும்பை முழுதாகக் கட்டி வையுங்கள், நறுக்கிய துண்டின் ஓரம் ஈறைக் கிழிக்கும்.

நான்காவது மூலை உறியடி. இதில் கண்ணைக் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். காது கேளாத பிள்ளைக்குக் கண்ணையும் கட்டினால் உலகத்தோடு இருந்த தொடர்பே அறுந்துபோகும். நிறைய குழந்தைகள் துணி முகத்தில் பட்டதுமே அலறுவார்கள். காகிதக்கூழ்ப் பானை, உள்ளே பொரி, கப்பியில் ஏற்றி இறக்கும் கயிறு, சக்கர நாற்காலிக்கு மார்பு உயரம். பானையில் சின்ன மணி கட்டினால் பார்வையற்ற குழந்தை ஓசையை வைத்துக் குறிபார்க்கும்.

இசை நாற்காலி வேண்டவே வேண்டாம், "அவுட்" என்று அனுப்பும் எந்த விளையாட்டும் வேண்டாம். காற்றடைத்த குதிகூடமும் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும், குதித்துக் குப்புற விழுந்தால் தண்டுவடம் பாதிக்கலாம். பலூனும் வேண்டாம். வெடிக்கும் சத்தம் ஒரு காரணம். ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாத நிலை) உள்ள குழந்தைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் என்பது இன்னொன்று. சீரியல் விளக்கை மினுக்காமல் நிலையாக எரியவிடுங்கள், மினுக்கும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

பறை வைக்கலாம், தயங்க வேண்டாம். பறையைக் காய்ச்சும் தீயைக் குழந்தைகள் வரும்முன் மண்டபத்துக்குப் பின்னால் முடித்துவிடச் சொல்லுங்கள். பானை பொங்கிய பிறகு, 15 மீட்டர் தள்ளி, மெதுவாகத் தொடங்கி எட்டு நிமிடம். முடிந்ததும் கலைஞர் ஒருவர் பறையைத் தாழ்த்திப் பிடித்து ஒரு குச்சியால் லேசாகத் தட்ட, காது கேளாத பிள்ளைகள் தோலின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். அந்த வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகும், போகட்டும்.

சாப்பாடு

110 பேருக்குச் சர்க்கரைப் பொங்கல்: பச்சரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு 750 கிராம், வெல்லம் நாலரைக் கிலோ, நெய் 600 கிராம், முந்திரி 250, திராட்சை 250, ஏலக்காய் பொடித்தது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் கல் மாட்டும். முந்திரி திராட்சையை வறுத்துத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள், சேர்க்காதீர்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு 4 கிலோ பொங்கலைத் தனியே எடுத்து, இன்னும் சிறிது பால் விட்டு மசித்து, மூடியில் பெரிதாக "மசித்தது" என்று எழுதுங்கள். மேலே முந்திரி தூவியது தவறுதலாக அந்தக் குழந்தைக்குப் போவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கூடவே சாம்பார் சாதம், தயிர் சாதம். புதுச் சாப்பாட்டைத் தொடாத குழந்தையும் பெரும்பாலும் தயிர் சாதம் சாப்பிடும். வடை மெல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும். வலிப்புக்காக, மாவுச்சத்தை மிகக் குறைத்த கீட்டோ உணவில் இருக்கும் குழந்தைக்கு ஒரு கரண்டிச் சர்க்கரைப் பொங்கல்கூடக் கூடாது. நோட்டைப் பார்த்து, அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததையே அதே இலையில் பரிமாறுங்கள். பொங்கலைக் காட்டி "ஒரு வாய்தானே" என்று கெஞ்சும் பெரியவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஊட்டிவிடுவது உடன் வந்தவரின் வேலை. அவர் கை கழுவப் போன நேரத்தில் அன்பு மிகுதியால் தன்னார்வலர் ஊட்டினால், தலை பின்னுக்குச் சாய்ந்த நிலையில் சோறு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பந்தியில் காத்திருக்க விடாதீர்கள். இலையில் எல்லாம் வைத்து முடித்தபின் குழந்தையைக் கூட்டி வாருங்கள்.

பரிசு, படம், பேச்சு

பெயர் அட்டையைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டாம், இழுபடும். சட்டையின் முதுகுப்புறம் ஒட்டும் ஸ்டிக்கர் போதும், முன்னால் ஒட்டினால் பிய்த்துவிடுவார்கள். அழைக்கும் பெயர் மட்டும். படம் எடுக்கச் சம்மதம் தராதவர்களுக்கு மஞ்சள் ஸ்டிக்கர். படம் எடுப்பவர் ஒருவரே, மற்றவர்களின் கைப்பேசி பையில்.

மேடையில் வரிசையாக நிற்கவைத்துப் பரிசு கொடுக்கும் படத்துக்காகத்தான் சில நன்கொடையாளர்கள் வருகிறார்கள். முன்பே பேசிவிடுங்கள். பரிசு வேனில் ஏறும்போது கைக்குப் போகும், மேடை இல்லை. பேச விரும்பும் விருந்தினருக்கு மூன்று நிமிடம், அதுவும் பிள்ளைகள் மூலைகளில் விளையாடும்போது பெற்றோருக்கு. துணி கொடுப்பதானால் தொலைபேசியிலேயே அளவு கேட்டு, இடுப்பில் எலாஸ்டிக் உள்ள பருத்தித் துணி வாங்கி, கழுத்து லேபிளை வெட்டிவிடுங்கள். அந்த லேபிள் உறுத்தியே நாள் முழுக்க அழும் பிள்ளைகள் உண்டு.

முடிந்த பிறகு

12.20-க்கே முதல் வேன் வாசலில் நிற்கவேண்டும். ஒவ்வொரு குழந்தையும் எந்த வண்டியில், யாருடன் போனது என்று வாசலில் நிற்பவர் பட்டியலில் குறித்துக்கொள்ளட்டும். முப்பதும் நிரம்பும்வரை பந்தலைப் பிரிக்கத் தொடங்காதீர்கள். இரும்பு விழும் சத்தம் கடைசியாக நிற்கும் குழந்தையைக் கலங்கடிக்கும்.

மூன்றாம் நாள் அதே தன்னார்வலர், அதே நோட்டுடன் எல்லோரையும் அழைக்கவேண்டும். வந்தவர்களிடம் இரண்டே கேள்வி: "எப்போ கிளம்பலாம்னு தோணுச்சு?" "வீட்டுக்குப் போனதும் பிள்ளை எப்படி இருந்தான்?" நன்றாக இருந்ததா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அந்தப் பதிலால் பயனில்லை. வருகிறேன் என்று சொல்லி வராத வீடுகளையும் விடாமல் அழையுங்கள். வேன் தெருமுனைவரைதான் வந்தது, அங்குவரை தூக்கிவர அன்று ஆள் இல்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். அதை அடுத்த வருடத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, தெருவின் பெயரையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.